நுண்ணுயிர்களின் வேதிப்பேச்சைக் கேட்க எது சரி: எல்சி-எம்எஸ்ஸா, ஜிசி-எம்எஸ்ஸா, மால்டி இமேஜிங்கா?

ஒரு அகார் தட்டு. இடது பக்கம் ஒரு பாக்டீரியா, வலது பக்கம் ஒரு பூஞ்சை. நடுவில் அரை சென்டிமீட்டர் அகலத்துக்கு எதுவும் வளரவில்லை. இப்படி ஒரு தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆய்வு மாணவர்கள் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான்: "இதை எந்த மாஸ் ஸ்பெக்கில் போடலாம்?"

நான் திருப்பி ஒன்று கேட்பேன்: "இதில் எதை இழந்தால் உங்களுக்குப் பரவாயில்லை?" நக்கல் இல்லை, நிஜமாகவே கேட்கிறேன். மாஸ் ஸ்பெக், அதாவது மூலக்கூறுகளை அயனியாக்கி அவற்றின் நிறையை அளக்கும் நிறை நிறமாலைமானி, எந்த வகையாக இருந்தாலும், மாதிரியை உள்ளே விடும் முன்பே அதிலிருந்து ஏதோ ஒன்றைக் கழற்றி எறிந்துவிடுகிறது. திரவத்தில் கரைத்துப் பிரித்து அளக்கும் எல்சி-எம்எஸ்ஸுக்குப் போனால் பொருள் தட்டில் எந்த இடத்தில் இருந்தது என்பது போய்விடும். ஆவியாகப் பிரித்து அளக்கும் ஜிசி-எம்எஸ்ஸுக்குப் போனால் ஆவியாகாதவை எல்லாம் போய்விடும். தட்டையே லேசரால் சுட்டுப் படமாக்கும் மால்டி இமேஜிங்குக்குப் போனால் அளவு பற்றிய நம்பிக்கை போய்விடும். எதை விடலாம் என்று தெரிந்துவிட்டால் கருவி தானாகவே முடிவாகிவிடும்.

கேள்வி ஏன் இவ்வளவு குழப்புகிறது என்றால், 'சமிக்ஞை' என்ற ஒரே சொல்லுக்குள் ஒன்றோடொன்று ஒட்டாத பொருள்கள் அடைபட்டிருக்கின்றன. கடலில் ஒளிரும் விப்ரியோ ஃபிஷெரி பாக்டீரியா, கூட்டம் போதுமான அளவு சேர்ந்த பிறகே ஒளிர்கிறது என்பது 1970-இல் தெரியவந்தது. அதற்குக் காரணமான மூலக்கூறின் அமைப்பு 1981-இல் தெளிவானது. அது ஒரு ஹோமோசெரின் லாக்டோன். இந்த வழக்கத்துக்குக் 'கோரம் சென்சிங்' என்ற பெயர் வந்தது 1994-இல். அதன் பிறகு பட்டியல் நீண்டுகொண்டே போகிறது: சூடோமோனாஸின் குவினோலோன்கள், ஸ்டஃபைலோகாக்கஸின் வளையப் பெப்டைடுகள், கேண்டிடாவின் ஃபார்னெசால், மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின், போரான் அணுவைச் சுமந்து நிற்கும் ஏஐ-2, செல்லுக்குள்ளேயே வேலை பார்க்கும் சைக்ளிக் டை-ஜிஎம்பி. இண்டோலின் நிறை 117. பேசில்லஸின் சர்ஃபாக்டின் ஆயிரத்தைத் தாண்டும். ஒன்று காற்றில் பறக்கும், இன்னொன்று சோப்பு மாதிரி ஒட்டிக்கொள்ளும். எல்லாவற்றையும் ஒரே வலையில் பிடிக்க முடியாது.

(இந்தக் கட்டுரையில் பீக்குக்கு, அதாவது வரைபடத்தில் எழும் முகட்டுக்கு, நான் தரும் எண்கள் எல்லாம் நிறை-மின்சுமை விகிதங்கள்.)

## எதை வைத்து ஒப்பிடுவது?

நான் பார்ப்பது ஐந்து விஷயங்கள்.

பொருளின் குணம். ஆவியாகுமா, சூட்டைத் தாங்குமா, நீரில் கரையுமா? பாதி முடிவு இங்கேயே ஆகிவிடும்.

தெரிந்த பொருளா, தெரியாததா? பெயர் தெரிந்த ஒன்றை அளப்பதும், என்னவென்றே தெரியாததைத் தேடுவதும் வேறு வேறு வேலைகள். ஒரே கருவியில் இரண்டையும் செய்யலாம். ஆனால் ஒரே ஓட்டத்தில் இரண்டையும் நன்றாகச் செய்வது கடினம்.

எங்கே, எவ்வளவு? இடம் முக்கியமா, செறிவு முக்கியமா? 'இரண்டும்' என்று பதில் வந்தால் வேலை இரட்டிப்பு என்று அர்த்தம்.

எவ்வளவு குறைவாக இருக்கிறது? ஹோமோசெரின் லாக்டோன்கள் கல்ச்சரில் நானோமோலார் முதல் மைக்ரோமோலார் வரை இருக்கும். ஸ்ட்ரெப்டோமைசஸின் ஏ-ஃபேக்டர் என்ற சமிக்ஞை நானோமோலார் அளவிலேயே வேலை செய்துவிடும். உயிருக்குப் போதுமானது கருவிக்குப் போதாமல் போகலாம்.

பின்னால் வரும் வேலை. ஸ்டாண்டர்ட் (ஒப்பிட்டுப் பார்க்க உதவும் தூய பொருள்) கிடைக்குமா, கட்டுப்பாட்டு மாதிரிகள் எத்தனை, தரவை யார் அலசுவார்கள்? கருவி நேரத்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். இதைப் பற்றி யாரும் கேட்பதில்லை, திட்டங்கள் மாதக்கணக்கில் இழுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

## முதலில், மாஸ் ஸ்பெக் வேண்டுமா?

சில சமயம் வேண்டாம். "என் பாக்டீரியா ஹோமோசெரின் லாக்டோன் உண்டாக்குகிறதா இல்லையா" என்பது மட்டும்தான் கேள்வி என்றால், குரோமோபாக்டீரியம் வயலேசியத்தின் சிவி026 என்ற திரிபைப் பக்கத்தில் வளர்த்துப் பாருங்கள். அதற்குச் சொந்தமாக லாக்டோன் செய்யத் தெரியாது. வெளியிலிருந்து குட்டைச் சங்கிலி லாக்டோன் கிடைத்தால் ஊதா நிறமாகிவிடும். நீண்ட சங்கிலி என்றால் அக்ரோபாக்டீரியம் வகை உயிர்உணரிகள் இருக்கின்றன. ஐம்பது திரிபுகளை வடிகட்டி ஐந்தாகக் குறைக்க இதைவிட எளிய வழி இல்லை. அந்த ஐந்தை மட்டும் மாஸ் ஸ்பெக்குக்குக் கொண்டுவாருங்கள்.

ஆனால் உயிர்உணரிக்கு 'ஆமாம்' சொல்லத் தெரியுமே தவிர, 'எது' என்று சொல்லத் தெரியாது. சில நேரம் பொய்யும் சொல்லும். அது கீழே வருகிறது.

## எல்சி-எம்எஸ்: பெரும்பாலோருக்கு இதுதான்

கல்ச்சரைச் சுழற்றி, செல்லை நீக்கி, திரவத்தை எத்தில் அசிடேட்டில் பிரித்தெடுத்து, உலர்த்தி, மெத்தனாலில் கரைத்து, சி18 காலத்தில் (பொருள்களைப் பிரிக்கும் 'column' என்ற குழாய்) ஓட்டுவது வழக்கமான பாதை. ஹோமோசெரின் லாக்டோன், குவினோலோன், பெப்டைடு, ராம்னோலிபிட், பயோசயனின் எல்லாமே இந்த வழியில் சிக்கும். இதற்குள்ளேயே இரண்டு கிளைகள் உண்டு. அவற்றைப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் நிறைய நேரம் வீணாகிறது.

டிரிபிள் குவாட் தெரிந்த பொருளைக் குறிவைத்து அளப்பதற்கு. ஹோமோசெரின் லாக்டோன்களுக்கு இது அருமையாகப் பொருந்தும். கொழுப்புச் சங்கிலி எவ்வளவு நீளமாக இருந்தாலும், உடைத்தால் அந்த லாக்டோன் தலை 102.055-இல் வந்து நிற்கும். தாய் அயனியை (உடையும் முன் இருக்கும் முழு அயனி) மாற்றிக்கொண்டே போய் 102-ஐ மட்டும் கவனித்தால் குடும்பம் முழுவதையும் ஒரே ஓட்டத்தில் பார்த்துவிடலாம். 172-இலிருந்து 102 என்றால் சி4, அதாவது நான்கு கார்பன் சங்கிலி. 298-இலிருந்து 102 என்றால் 3-ஆக்ஸோ-சி12.

சிக்கலும் அங்கேதான். 3-ஆக்ஸோ-சி6 லாக்டோனின் அயனி 214.107. சி7 லாக்டோனின் அயனி 214.144. இரண்டும் உடைந்தால் 102. டிரிபிள் குவாட் வழக்கமான அமைப்பில் இரண்டையும் 214 என்றே பார்க்கும். காலத்திலிருந்து வெளிவரும் நேரம் ஒன்றுதான் இரண்டையும் பிரிக்கும், அதற்குக் கையில் ஸ்டாண்டர்ட் இருக்க வேண்டும். ஸ்டாண்டர்ட் இல்லாமல் '214-இலிருந்து 102' என்ற ஒரு வரியை வைத்து மூலக்கூறுக்குப் பெயர் சூட்டாதீர்கள்.

கியூ-டாஃப் அல்லது ஆர்பிட்ராப் என்ற உயர் துல்லியக் கருவிகள் தெரியாததைத் தேடுவதற்கு. மேலே சொன்ன 0.036 வித்தியாசத்தை இவை கண்ணை மூடிக்கொண்டு பிரித்துவிடும். சரி, அப்படியானால் துல்லியம் இருந்தால் போதும்தானே? போதாது. சூடோமோனாஸ் ஏருஜினோசாவின் சமிக்ஞையான பிக்யூஎஸ்ஸும், அதே பாக்டீரியா தயாரிக்கும் எச்க்யூஎன்ஓ என்ற நஞ்சும் ஒரே வாய்பாடு கொண்டவை. இரண்டும் 260.165. எத்தனை தசமத்துக்குப் போனாலும் பிரியாது. உடைத்துப் பார்த்தால் முதலாவது 175-ஐத் தரும், இரண்டாவது 159-ஐத் தரும். ஒன்று அண்டை செல்லிடம் பேசுகிறது, மற்றொன்று போட்டி பாக்டீரியாவின் சுவாசத்தை நிறுத்துகிறது. முழு நிறையை மட்டும் வைத்து வரைபடம் போட்டால் இரண்டையும் கூட்டி ஒரே கோடாகப் போட்டிருப்பீர்கள்.

### மறைந்திருக்கும் செலவுகள்

முதலாவது, லாக்டோன் வளையம். அது காரத்தில் திறந்துகொள்ளும். சங்கிலி குட்டையாக இருந்தால் இன்னும் வேகமாகத் திறக்கும். எல்பி என்ற வளர்ப்பு மீடியாவில் பாக்டீரியா அமினோ அமிலங்களைத் தின்று முடிக்கும்போது மீடியா காரமாக மாறுகிறது. அதாவது நீங்கள் அறுவடை செய்யும் நேரத்தில்தான் உங்கள் பொருள் சிதைய ஆரம்பிக்கிறது. வளையம் திறந்தால் ஒரு நீர் மூலக்கூறு சேர்ந்து நிறை 18.011 கூடும். 298-ஐத் தேடிக்கொண்டிருக்கும்போது பொருள் 316-இல் உட்கார்ந்திருக்கும்.

இதற்காகத்தான் எத்தில் அசிடேட்டில் கொஞ்சம் அமிலம் சேர்க்கச் சொல்கிறார்கள். ஆனால் பிஎச் 2 வரை போய்விட்டால் திறந்த வளையம் மறுபடியும் மூடிக்கொள்ளும். சும்மா அளப்பவர்களுக்கு அது வரம். லாக்டோனை உடைக்கும் நொதியைத் தேடுபவர்களுக்கோ ஆபத்து, நொதி செய்த வேலையையே அழித்துவிட்டு 'இங்கே எதுவும் உடையவில்லை' என்று எழுதிவிடுவீர்கள். அதே மாதிரியை இரண்டாகப் பிரித்து, ஒன்றை அமிலமாக்கியும் மற்றொன்றை அப்படியேயும் ஓட்டுவதுதான் புத்திசாலித்தனம்.

இரண்டாவது, மீடியா. டிரிப்டோன், ஈஸ்ட் சாறு சேர்ந்த மீடியாவில் பாக்டீரியா விழுவதற்கு முன்பே வளைய டைபெப்டைடுகள் இருக்கும். இவை சில உயிர்உணரிகளைத் தூண்டவும் செய்யும். உயிர்உணரி பொய் சொல்லும் என்றது இதைத்தான். பாக்டீரியா இல்லாத மீடியாவை அதே நேரம், அதே வெப்பத்தில் வைத்திருந்து, அதே வழியில் பிரித்தெடுத்து ஓட்ட வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த புது மீடியா அதற்கு ஈடாகாது.

மூன்றாவது, பிளாஸ்டிக். 391.28-இல் அழகான, உயரமான ஒரு பீக் தெரிந்தால் சந்தோஷப்படாதீர்கள், அது பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட். 338.34 என்றால் எருகமைடு, குழாயின் சுவர் வழுக்குவதற்காகச் சேர்ப்பது. 44 இடைவெளியில் சீப்புப் பற்கள் மாதிரி வரிசையாக வந்தால் பாலிஎத்திலீன் கிளைக்கால். நானே ஒரு முறை 338-ஐ வைத்துக்கொண்டு ஒரு வாரம் கனவு கண்டிருக்கிறேன். பூஞ்சை இருந்த குழாய்களில் மட்டும் வந்தது. பூஞ்சைக் குழாய்களை மட்டும் வேறு பெட்டியிலிருந்து எடுத்திருந்தேன் என்பது பிறகுதான் உறைத்தது.

நான்காவது, உப்பு. மீடியாவின் உப்பும் பெப்டைடுகளும் கூடவே வெளிவந்து, நம் பொருள் அயனியாவதை அமுக்கிவிடும். டியூட்டீரியம் ஏற்றிய ஸ்டாண்டர்டை ஆரம்பத்திலேயே சேர்த்துவிட்டால் பிரித்தெடுப்பில் போனது, அமுங்கியது இரண்டும் கணக்கில் வந்துவிடும். கடைசிக் கட்டத்தில் சேர்ப்பவர்களுக்கு முதல் பாதி தெரியாமலே போகும்.

கடைசியாக, பெயர் வைக்கும் வேலை. எதையும் குறிவைக்காமல் ஓட்டினால் ஆயிரக்கணக்கான பீக்குகள் வரும். அதில் நூலகத்தோடு பொருந்துபவை கொஞ்சம்தான். ஜிஎன்பிஎஸ் போன்ற இலவசத் தளங்கள், ஒரே மாதிரி உடையும் பொருள்களை வலைப்பின்னலாக இணைத்துக் காட்டும். அதில் ஒன்றைத் தெரிந்துகொண்டால் பக்கத்தில் இருப்பவை சொந்தக்காரர்கள் என்று ஊகிக்கலாம். ஊகிக்கலாம், அவ்வளவுதான். 2007-இல் வந்த வளர்சிதைப் பொருள் அடையாளத் தர வரிசைப்படி முதல் நிலைக்குப் போக வேண்டுமென்றால், உண்மையான ஸ்டாண்டர்டை அதே கருவியில் ஓட்டி, வெளிவரும் நேரமும் உடையும் விதமும் பொருந்துகின்றன என்று காட்ட வேண்டும்.

### எப்போது இது சரி

கல்ச்சர் திரவமாக இருந்தால், செறிவு வேண்டுமென்றால், நேரத்தோடு எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டுமென்றால், மரபணு நீக்கிய திரிபோடு ஒப்பிட வேண்டுமென்றால் எல்சி-எம்எஸ். செல்லுக்குள் இருக்கும் சைக்ளிக் டை-ஜிஎம்பிக்கும் இதேதான், 691-இலிருந்து 152. ஆனால் அதற்கு எத்தில் அசிடேட் உதவாது. நீரில் கரையும் பொருள் அது. செல்லைச் சேகரித்து அதன் வினைகளை உடனே நிறுத்தி, வேறு கரைப்பானில் எடுக்க வேண்டும்.

## ஜிசி-எம்எஸ்: காற்றில் போகும் செய்திகளுக்கு

திரவத்தில் பரவும் செய்தி மெதுவாகப் போகும். காற்றில் பரவுவது மண்ணின் இடுக்குகள் வழியாகத் தொலைதூரம் போகும். மண்ணில் வாழும் உயிர்களைப் படிப்பவர்கள் எல்சியோடு நின்றுவிட்டால் உரையாடலில் பாதியைக் கேட்காமலே விட்டவர்கள். பேசில்லஸ் வெளிவிடும் 2,3-பியூட்டேன்டையால் செடியின் வளர்ச்சியைத் தூண்டுவதாக 2003-இல் வெளியான ஆய்வு, இந்தத் துறையைத் திரும்பிப் பார்க்க வைத்த ஒன்று. ஸ்ட்ரெப்டோமைசஸின் ஜியோஸ்மின் மண்ணில் வாழும் ஸ்பிரிங்டெயில் என்ற சின்னஞ்சிறு கணுக்காலிகளை இழுக்கிறது, அவை வந்து ஸ்போர்களைச் சுமந்து பரப்புகின்றன என்பது 2020-இல் தெரிந்தது. மனித மூக்கே ஒரு லிட்டர் நீரில் சில நானோகிராம் ஜியோஸ்மினைக் கண்டுபிடித்துவிடும். இந்த ஒரு பொருளில் மூக்கு எல்சி-எம்எஸ்ஸைத் தோற்கடிக்கும் என்றே சொல்லலாம்.

மாதிரி எடுப்பது சுலபம். மூடிய கண்ணாடிக் குப்பியில் கல்ச்சரை வளர்த்து, மேலே இருக்கும் காற்றில் எஸ்பிஎம்ஈ இழையை நீட்டி வைத்தால் ஆவிகள் அதில் ஒட்டும். அதை நேராகக் கருவியின் சூடான வாயில் செருகிவிடலாம். கரைப்பான் இல்லை, பிரித்தெடுப்பு இல்லை. கல்ச்சர் சாகாது, அதே குப்பியை நாளையும் அளக்கலாம். இது எல்சிக்குக் கிடைக்காத வசதி.

இன்னொரு பெரிய பலம், மூலக்கூறை 70 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரானால் உடைக்கும் பொது வழக்கம். எந்த ஆய்வகத்தில் உடைத்தாலும் ஒரு பொருள் ஏறக்குறைய ஒரே மாதிரி உடையும். அதனால்தான் நிஸ்ட் போன்ற நூலகங்கள் எங்கும் செல்லுபடியாகின்றன. ஜியோஸ்மின் 112, மெத்தில்ஐசோபோர்னியால் 95, இண்டோல் 117. ஆரம்ப நிலை மாணவருக்கும் முதல் நாளே பெயர்ப் பட்டியல் கிடைத்துவிடும்.

அந்தச் சுலபத்தில்தான் ஏமாற்றமும் இருக்கிறது. 204 நிறையுள்ள செஸ்குவிடெர்பீன்கள் எல்லாம் ஒரே சாயலில் உடைபவை. நூலகம் 92 சதவீதம் பொருத்தம் என்று ஒரு பெயரைச் சொல்லும், அடுத்த வரியில் 91 சதவீதத்துக்கு வேறொன்றைச் சொல்லும். ஆல்கேன் வரிசையை ஓட்டித் தக்கவைப்புக் குறியீட்டை (வெளிவரும் நேரத்தின் ஒப்பீட்டு எண்) கணக்கிட்டு ஒப்பிடாத பெயர்ப் பட்டியலை நான் நம்புவதில்லை. 73, 207, 281 என்று வரும் பீக்குகள் இழையிலிருந்தும் காலத்திலிருந்தும் கசியும் சிலிக்கான் சேர்மங்கள். அவற்றை யார் கட்டுரையிலாவது 'புதிய பாக்டீரிய ஆவி' என்று பார்த்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

பெட்ரித் தட்டிலேயே அளந்தால் ஸ்டைரீன் வரும். தட்டே பாலிஸ்டைரீன், அது கசியும். வேடிக்கை என்னவென்றால் சில பெனிசிலியம் பூஞ்சைகள் நிஜமாகவே ஸ்டைரீன் தயாரிக்கும். பிளாஸ்டிக் தட்டில் அளந்தவருக்கு எது எது என்று சொல்ல வழியே இல்லை. கண்ணாடிக்கு மாறுவதைத் தவிர வேறு தீர்வு கிடையாது.

அளவு விஷயத்திலும் இழை கொஞ்சம் பாரபட்சம் காட்டும். அதில் இடம் குறைவு. வலுவாக ஒட்டுபவை மெல்ல ஒட்டுபவற்றைத் தள்ளிவிடும். ஒரே பொருளை மாதிரிக்கு மாதிரி ஒப்பிடலாம். 'இந்தப் பொருள் அந்தப் பொருளைவிட மூன்று மடங்கு அதிகம்' என்று பீக்கின் பரப்பை வைத்துச் சொல்லக் கூடாது.

ஆவியாகாததை ஆவியாக்கவும் முடியும். ஏஐ-2-இன் முன்னோடியான டிபிடியை ஒரு டையமினோடு வினைபுரிய வைத்து, சிலைல் கூட்டி ஜிசியில் பார்ப்பதுண்டு. நேரடியாகப் பார்க்க முடியாத, வடிவம் மாறிக்கொண்டே இருக்கும் பொருள் என்பதால் அந்தச் சிரமத்துக்கு நியாயம் இருக்கிறது. மற்றபடி எல்சியில் நேராகப் போகும் பொருளை வேதிவினை செய்து ஜிசிக்கு இழுப்பது, கையில் ஜிசி மட்டும்தான் இருக்கிறது என்றால் சரி.

## மால்டி இமேஜிங்: எங்கே என்று கேட்பவர்களுக்கு

அந்த முதல் தட்டுக்கு வருவோம். நடுவில் இருக்கும் வெற்றுப் பட்டையில் என்ன இருக்கிறது? அதை பாக்டீரியா ஓரத்தில் மட்டும் விடுகிறதா, முழுக் காலனியும் விடுகிறதா? பூஞ்சை பதிலுக்கு ஏதாவது அனுப்புகிறதா? தட்டையே கரைத்துவிட்டால் இந்தக் கேள்விகள் செத்துப்போகும்.

இமேஜிங்கில் காலனிகளை அகாரோடு சேர்த்து உலோகத் தட்டில் வைத்து, உலர்த்தி, மேலே மேட்ரிக்ஸ் (லேசரை உறிஞ்சி அயனியாக்க உதவும் பொருள்) தூவி, லேசரால் புள்ளி புள்ளியாகச் சுடுகிறோம். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறமாலை. பிறகு ஒரு நிறையைத் தேர்ந்தெடுத்தால் அது எங்கெல்லாம் இருக்கிறது என்று படமாக வரும். 2009-இல் பேசில்லஸ் சப்டிலிஸும் ஸ்ட்ரெப்டோமைசஸ் சீலிகலரும் அருகருகே வளரும்போது என்னென்ன பரிமாறிக்கொள்கின்றன என்பதை இப்படிப் படமாக்கிய வேலைதான் பலரை இந்தப் பக்கம் இழுத்தது. அந்தப் படங்கள் அழகானவை. 'எனக்கும் அப்படி ஒரு படம் வேண்டும்' என்று வருபவர்களை நான் சற்றுச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

புள்ளிக் கணக்கை முதலில் போட்டுப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் பரப்பை 100 மைக்ரோமீட்டர் இடைவெளியில் சுட்டால் 10,000 புள்ளிகள். 50-க்குப் போனால் 40,000. 20-க்குப் போனால் 2,50,000. நேரமும் கோப்பின் அளவும் அதே விகிதத்தில் ஏறும். பொருளோ அகாரில் மில்லிமீட்டர் கணக்கில் பரவியிருக்கிறது. மங்கலான ஒன்றைக் கூர்மையாகப் படம் பிடித்து என்ன பயன்? பெரும்பாலான காலனி வேலைகளுக்கு 100 போதும்.

மாதிரித் தயாரிப்பு இதில் ஒரு கைவினை. அகார் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லியதாக இருக்க வேண்டும். தடித்தால் உலரும்போது வெடிக்கும், வெற்றிடத்துக்குள் போனதும் உரிந்து கருவிக்குள் விழும். விழுந்தால் கருவியைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டும், அன்று உங்களை யாரும் அன்பாகப் பார்க்க மாட்டார்கள். பூஞ்சை மேலே பஞ்சு மாதிரி எழும்பினால் உயர வித்தியாசத்தால் நிறை நகரும். முதல் பத்துத் தட்டுகளை வீணாக்கத் தயாராக வாருங்கள்.

மேட்ரிக்ஸும் சின்ன மூலக்கூறுதான். அதன் சொந்தப் பீக்குகள் ஐந்நூறுக்குக் கீழே குவிந்து கிடக்கும். சமிக்ஞை மூலக்கூறுகளில் நிறையப் பேர் குடியிருப்பதும் அதே தெருவில்தான். குட்டைச் சங்கிலி லாக்டோன்களை இதில் தேடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆவியாகும் பொருள் வெற்றிடத்திலேயே போய்விடும். மாறாக, பெரிய லிப்போபெப்டைடுகளுக்கு இது பிரமாதம். ஆனால் சர்ஃபாக்டின் 1036.7, சோடியத்தோடு 1058.7, பொட்டாசியத்தோடு 1074.6 என்று மூன்று இடத்தில் வரும். காலனிக்கு அடியில் உப்பு அதிகமாக இருந்தால் சோடியப் படமும் புரோட்டான் படமும் வேறு வேறாகத் தெரியும். பொருள் ஒன்றே, படம் மூன்று. இதைக் கவனிக்காமல் 'மூன்று சேர்மங்கள், மூன்று பரவல்கள்' என்று எழுதிவிடக்கூடும்.

பளிச்சென்று தெரியும் இடத்தில் பொருள் அதிகம் என்று சொல்லவும் முடியாது. அங்கே நன்றாக அயனியாகிறது என்று மட்டும் சொல்லலாம். பிரிக்கும் காலமும் (column) இல்லை என்பதால் பிக்யூஎஸ்-எச்க்யூஎன்ஓ மாதிரி ஜோடிகள் ஒன்றாகவே விழும், புள்ளியிலேயே உடைத்துப் பார்த்தால் ஒழிய.

மால்டிக்குப் பதிலாக, வெற்றிடம் இல்லாமல் உயிருள்ள காலனியின் மேலேயே கரைப்பானைத் தெளித்தோ தொட்டு உறிஞ்சியோ அளக்கும் திறந்தவெளி முறைகளும் உண்டு. 2004-இல் வந்த டெசி அவற்றில் மூத்தது. மேட்ரிக்ஸ் தொல்லை கிடையாது, ஆனால் மென்மையான அகாரைச் சமாளிக்கப் பொறுமை வேண்டும். பக்கத்தில் அதில் கை பழகியவர் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

## ஒரு பார்வையில்

| | எல்சி-எம்எஸ் | ஜிசி-எம்எஸ் | மால்டி இமேஜிங் |
|---|---|---|---|
| எதற்குப் பொருத்தம் | லாக்டோன், குவினோலோன், பெப்டைடு | ஜியோஸ்மின், இண்டோல், கந்தக ஆவிகள், டெர்பீன் | லிப்போபெப்டைடு, நடுத்தர நிறைப் பொருள்கள் |
| எதை இழக்கிறோம் | இடம் | ஆவியாகாத எல்லாம் | அளவு, ஐசோமர் (ஒரே வாய்பாடுள்ள பொருள்கள்) வேறுபாடு |
| செறிவு சொல்ல முடியுமா | முடியும், ஸ்டாண்டர்ட் இருந்தால் | ஒரே பொருளுக்குள் ஒப்பிடலாம் | நம்ப முடியாது |
| கல்ச்சர் பிழைக்குமா | பிழைக்காது | பிழைக்கும் | பிழைக்காது |
| முதல் தலைவலி | மீடியா, உப்பு, வளையம் திறப்பது | பிளாஸ்டிக், இழைக் கசிவு | அகார் உரிவது, மேட்ரிக்ஸ் பீக் |
| பெயர் கண்டுபிடிப்பது | மெதுவாக, ஊகத்தோடு | வேகமாக, சில நேரம் தவறாக | பெரும்பாலும் எல்சியின் உதவியோடு |
| கை பழக | சில வாரங்கள் | சில நாட்கள் | மாதங்கள் |

கடைசி வரி என் அனுபவக் கணக்கு. கூடக் குறைய இருக்கலாம்.

## அப்போ நான் எதை எடுப்பது?

பெயர் தெரிந்த லாக்டோனை இருபது நேரப் புள்ளிகளில் அளக்க வேண்டுமா? டிரிபிள் குவாட். யோசிக்கவே வேண்டாம்.

புதிய மண் பாக்டீரியா, என்ன தயாரிக்கிறது என்றே தெரியவில்லை, ஒரே ஒரு கருவிக்குத்தான் நேரம் கிடைக்கும் என்றால் உயர் துல்லிய எல்சி-எம்எஸ். நிறைய விட்டுப்போகும், ஆனால் மற்ற இரண்டில் இன்னும் நிறைய விட்டுப்போகும்.

இரண்டு உயிர்களுக்கு நடுவே சுவர் வைத்த தட்டில், ஒன்றை ஒன்று தொடாமலேயே பாதிப்பு தெரிகிறதா? செய்தி காற்றில் போகிறது. நேராக ஜிசிக்குப் போங்கள்.

தட்டில் வடிவம்தான் கதை என்றால், அதாவது ஓரம், பட்டை, நிறமாற்றம், ஸ்போர் வராத பகுதி என்று கண்ணுக்கே இடம் தெரிகிறது என்றால் இமேஜிங். அப்போதும் அதோடு நிற்க முடியாது. படத்தில் வந்த நிறைக்குப் பெயர் வைக்க அந்த இடத்து அகாரை வெட்டி எல்சிக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும்.

எதை எடுத்தாலும் ஒரு கட்டுப்பாட்டு மாதிரியை விட்டுவிடாதீர்கள்: சமிக்ஞையைத் தயாரிக்கும் மரபணு நீக்கிய திரிபு. சூடோமோனாஸ் ஏருஜினோசாவில் லாஸ்ஐ என்ற மரபணு போனால் 3-ஆக்ஸோ-சி12 போகும், ஆர்எச்எல்ஐ போனால் சி4 போகும். வெற்று மீடியாவால் சொல்ல முடியாததை இது சொல்லும். அப்புறம், அந்தத் திரிபுக்குத் தூய பொருளை வெளியிலிருந்து கொடுத்துப் பழைய நடத்தை திரும்புகிறதா என்று பாருங்கள். அதுவரை உங்கள் கையில் இருப்பது ஒரு பீக். பாக்டீரியா வெளியே கொட்டும் எல்லாமே செய்தி இல்லை, குப்பையும் கொட்டும்.

முதலில் சொன்ன அந்தத் தட்டுக்கு என் பதில் இது. இமேஜிங்குக்கு வரிசையில் நிற்கும் முன், இன்று மாலையே ஐந்து மில்லிமீட்டர் அகலத்தில் அகார்த் துண்டுகள் வெட்டுங்கள். ஒன்று வெற்றுப் பட்டையிலிருந்து, ஒன்று பாக்டீரியா மட்டும் வளர்ந்த தட்டிலிருந்து, ஒன்று பூஞ்சை மட்டும் வளர்ந்ததிலிருந்து, ஒன்று எதுவும் விதைக்காத அகாரிலிருந்து. நான்கையும் கண்ணாடிக் குப்பியில் போட்டு, மெத்தனால் ஊற்றி, எல்சியில் ஓட்டுங்கள். பட்டையில் மட்டும் இருந்து மற்ற மூன்றிலும் இல்லாத பீக் ஒன்று கிடைத்தால், அதன் நிறையைக் குறித்துக்கொண்டு இமேஜிங் வரிசைக்குப் போங்கள். குப்பிகள் நான்கும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்தவையா என்று மட்டும் ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.